அளவு பாயின் ஏழு சுற்று

என் வீட்டுக்காரருக்கு முகம் மறந்துபோகும், கால் மறக்காது. செருப்புக் கடையில் முப்பத்திரண்டு வருடம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆள் உள்ளே வரும்போதே இவர் பார்வை தரைக்குப் போய்விடும். "எட்டு. இடது கால் ஒரு நூல் பெருசு" என்று சொல்லிவிட்டுத்தான் "வாங்க" என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் அளவு பாய். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் சும்மா கிடக்கிறது.

கல்யாணப் பேச்சுக்காக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அவர் தலை நிமிரவே இல்லை. எவ்வளவு அடக்கமான பையன் என்று என் தகப்பனார் சொக்கிப்போனார். ஐந்தரையா ஆறா என்று என் காலை மனசுக்குள் அளந்துகொண்டிருந்த சங்கதி எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும். வலது கால் கொஞ்சம் பெரிது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். இருபது வருடம் அந்தக் காலோடு இருந்த எனக்கே தெரியாது.

மனிதர் நல்லவர், ஆனால் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு, நான்காவது முறை இழுப்பதற்குத் திரும்பி வருவார். தொழும்போது மூன்றாவது ரக்அத்தா நான்காவதா என்று சந்தேகம் வந்து, முடித்ததையே மறுபடி தொழுவார். நான் கேலி செய்தால், "நீ சிரி. மறுமையில கேள்வி கேட்கப்போறது என்கிட்டதானே" என்பார்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அக்காவுக்கு என்று இவரே பார்த்துப் பார்த்து ஒரு செருப்பு எடுத்துக் கொடுத்தார். அதன் வார் சுண்டுவிரலில் உரசியிருக்கிறது. உணர்ச்சி செத்த கால், அக்காவுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதையும். இரண்டு வருடத்தில் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மாடல் செருப்பை இவர் அதற்குப் பிறகு யாருக்கும் எடுத்துக் காட்டியதில்லை. முதலாளி கேட்டால், அலமாரி நிறைய அது இருக்கும்போதே, ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று முகத்துக்கு நேரே பொய் சொல்வார்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் ஒரு நைலான் இழையை என் உள்ளங்காலில் வைத்து அழுத்தினார். தொடுவது தெரிகிறதா என்று கேட்டார். எப்போது தொடப்போகிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் ஏற்கெனவே ஏழெட்டு இடத்தில் தொட்டு முடித்திருந்தார். வெறுங்காலோடு ஓர் அடி கூட வைக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது என்றார். பக்கத்தில் நின்ற இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அன்றிலிருந்து கடையை விட்டு வந்ததும் முதல் வேலை என் கால்தான். குட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் வைத்து, டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக விரல் இடுக்கு ஒன்றுவிடாமல் பார்ப்பார். "இன்னும் கடை மூடலையா?" என்று நான் சீண்டுவேன். இவர் டார்ச்சை அடுத்த விரலுக்கு நகர்த்துவார். எல்லாம் பார்த்து முடித்து, "ஒண்ணும் இல்லை" என்று சொல்லும்போதுதான் அவருக்கு மூச்சே வரும்.

பல வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, ஒருவழியாக எங்கள் இருவருக்கும் ஹஜ்ஜுக்குப் போக வாய்ப்பு வந்தது. நான் சந்தோஷத்தில் அழுதேன். இவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்.

பள்ளிவாசல் மாடியில் வாராவாரம் வகுப்பு நடந்தது. எங்கள் குழுவை அழைத்துப் போகும் ஹஜ்ரத்தான் பாடம் நடத்தினார். நடுவில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை வைத்து, இதுதான் கஅபா என்று நினைத்துக்கொண்டு ஏழு முறை சுற்றுங்கள், அதுதான் தவாஃப் என்றார். மற்றவர்கள் சுற்றினார்கள், இவர் சந்தேகம் கேட்டார். ஷைத்தானுக்கு அடையாளமான தூணில் எறிகிற கல் கொண்டைக்கடலையை விடப் பெரிதாக இருந்தால் என்ன செய்வது? எறிந்த கல் தெறித்து வெளியே விழுந்தால்? ஆறு சுற்றா ஏழு சுற்றா என்று மறந்துபோனால்? மறந்தால் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மேலே ஒரு சுற்று சுற்றிவிடுங்கள் என்று ஹஜ்ரத் சொன்னதை எழுதி இரண்டு கோடு போட்டார். நான்காவது வாரம் ஹஜ்ரத்துக்கே பொறுக்கவில்லை.

"மார்க்கத்துல லேசாக்கி வச்சிருக்கிறதை நீங்க போட்டு இறுக்காதீங்க, பாய்" என்றார்.

இவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பத்திரமாகப் போய்வருவதற்கும் ஹஜ்ரத் சில விதிகள் சொன்னார். கூட்டம் போகிற திசைக்கு எதிரே திரும்பி நடக்கக் கூடாது. கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியக் கூடாது. இந்த இரண்டும் எனக்கு நன்றாக மனதில் பதிந்தன. கூட்டத்தில் இவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியுமே. விட்டுவிட்ட பொருள் என்று ஒன்று இருந்தால் திரும்பித்தான் போவார்.

உடுப்புக்குக்கூடக் கட்டுப்பாடு உள்ள இஹ்ராம் நிலையிலும் பெண்கள் ஷூவும் சாக்ஸும் போடலாம் என்று ஹஜ்ரத் சொன்னதும் இவருக்குப் பாதி உயிர் வந்தது. இரண்டு மாதம் எனக்கு ஷூ தேடினார். விரல் பக்கம் அகலமாக, உள்ளே தையல் படாமல், அடிப்பாகம் மெத்தென்று இருக்கிற ஒன்றைப் பிடித்து, வீட்டுக்குள்ளேயே என்னை நடக்கவிட்டுப் பழக்கினார். தடிமனான வெள்ளை சாக்ஸ் பன்னிரண்டு ஜோடி. பிறகு பச்சைத் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்தார். அங்கே கஅபா இருக்கிற பள்ளிவாசலுக்குள் ஷூவைக் கழற்றியதும் அது இந்தப் பையில் ஏறி இவர் கழுத்தில் தொங்கும். வாசலில் உள்ள ரேக்கில் வைக்கிற பேச்சே இல்லை. ஒரு வாசலில் வைத்துவிட்டு வேறு வாசலில் வெளியே வருகிறவர்கள்தான் அங்கே அதிகம் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, முதல் நாட்கள் எல்லாம் நல்லபடியாகவே போயின. பச்சைப் பை கழுத்தை விட்டு இறங்கவில்லை. ஹாஜிகள் தங்கும் கூடாரத்தில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுத் தினமும் கால் பார்த்தார். அடுத்த கட்டிலில் இருந்த பேக்கரிக்கார அக்கா, "எனக்கும் ஒருத்தர் இருக்காரே" என்று தன் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டார். கல்லெறியும் நாளில் எங்கள் குழுவுக்குக் கொடுத்த நேரத்தில்தான் போனோம். ஏழு கல்லும் தடுப்புக்குள்தான் விழுந்தன என்று என்னை மூன்று முறை சொல்ல வைத்தார்.

அடுத்த நாள் காலை, ஹஜ்ஜின் பெரிய தவாஃபுக்காகப் பள்ளிக்குப் போனோம். அது இல்லாவிட்டால் ஹஜ்ஜே இல்லை. இவர் விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை.

உள்ளே போகும் முன் நான் கழிப்பறைக்குப் போய்வந்தேன். தரை ஈரமாக இருந்தது. வாசலில் என் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டு, தன் செருப்பையும் அதில் போட்டு, கழுத்தில் மாட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஷூவின் அடியில் ஈரம். அது வெறும் தண்ணீரா, அசுத்தமா? பையில் ஊறி இவர் சட்டையில் பட்டால் தவாஃப் கூடுமா? தண்ணீர்தான், நான் பார்த்தேன் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். அதில் இதற்குப் பதில் இல்லை. கடைசியில், முதல் பக்கத்தில் என்ன எழுதினாரோ அதையே மீறி, பையை ரேக்கில் வைத்தார். வாசல் எண்ணையும் ரேக் எண்ணையும் இரண்டு இடத்தில் எழுதிக்கொண்டார். நான் சாக்ஸோடு உள்ளே நடந்தேன்.

கஅபாவைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. இவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே சுற்றினேன். ஐந்தாவதோ ஆறாவதோ சுற்றில், கைகோத்து வந்த ஒரு பெரிய கூட்டம் எங்களை நெருக்கித் தள்ளியது. மூச்சு முட்டியது. கீழே விழாமல் சமாளித்து நிமிர்ந்தபோது இவர் உதடுகள் ஓதிக்கொண்டிருந்த துஆவை விட்டுவிட்டு எண்ணிக்கையைத் தேடிக்கொண்டிருந்தன. ஆரம்பக் கோட்டைக் காட்டும் பச்சை விளக்குக்கு நேரே வந்ததும் நின்றார்.

"ஆறா ஏழா?"

ஏழு என்றேன். நிச்சயமா என்று கேட்டார். அந்த நிச்சயம் என்ற வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு என் பெயரே சந்தேகமாகிவிடும். ஏழு என்றுதான் நினைக்கிறேன் என்று இழுத்தேன். குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்று போனோம். அதற்குப் பிறகு இரண்டு குன்றுகளுக்கு இடையே ஏழு முறை நடக்கும் ஸஃயு. அந்த நடை முழுவதும் இவருக்குப் புதுக் கவலை. ஏற்கெனவே ஏழு ஆகியிருந்தால் இது எட்டாயிற்றே, எட்டு சுற்றினால் என்ன சட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என் சாக்ஸின் அடிப்பாகம் தேய்ந்துகொண்டிருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஸஃயு முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வெளியே போகும் வழி. காவலர்கள் ஒரே திசையில் கூட்டத்தை விட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உள்ளே வந்த வாசல் பள்ளியின் மறுபக்கம். அப்போதுதான் இவர் கழுத்தைப் பார்த்தேன். கழுத்தில் பை இல்லை.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கு இன்னும் தெரியவில்லை. அவர் எட்டாவது சுற்றிலேயே இருந்தார். சொன்னால் என்ன ஆகும்? பூட்டை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்புகிறவர், அத்தனை ஆயிரம் பேருக்கு எதிரே திரும்பி நடப்பார். ஹஜ்ரத் சொன்ன விதி என் நினைவில் இருந்தது. டாக்டர் சொன்ன விதியும் இருந்தது. எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேருந்து நிற்கிறது, கொஞ்சம் தூரம்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வெள்ளைக் கல் தரை. அது சுடாது, ஜனங்கள் வெறுங்காலோடு நிம்மதியாக நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் தெரிந்துகொண்டேன், என் கால் எனக்கு எதுவும் சொல்வதில்லை. வெள்ளைக் கல் முடிந்தது. கறுப்பு ரோடு தொடங்கியது. உச்சி வெயில்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். இருபது அடி போயிருப்போம். திடீரென்று ஒரு காலைத் தூக்கினார், மறு காலைத் தூக்கினார், நெருப்பில் நிற்பதுபோலத் துள்ளினார். எட்டாவது சுற்று அந்த நொடியில் மனசை விட்டு விழுந்தது. கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய்த் தடவினார். பிறகு மெதுவாகத் திரும்பி என் காலைப் பார்த்தார்.

நான் துள்ளவில்லை. அதே ரோட்டில் அமைதியாக நின்றுகொண்டிருந்தேன்.

"உனக்குச் சுடலையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அக்காவின் விரலை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில்.

தன் தோள்பையிலிருந்த தொழுகை விரிப்பை உதறி ரோட்டில் போட்டு அதன்மேல் என்னை நிறுத்தினார். அதை மடித்து மடித்து முன்னால் போட்டு, சுவர் நிழல் வரை என்னை நடத்திக் கொண்டுபோனார். அவ்வளவு நேரமும் அவர் நின்றது வெறும் ரோட்டில். திண்டில் உட்கார வைத்து, கடையில் உட்காருவதுபோலவே மண்டியிட்டு, பாதத்தை மடியில் எடுத்துக்கொண்டார். லட்சம் காலைத் தொட்ட கை, ஒரு சாக்ஸைக் கழற்ற முடியாமல் திணறியது. பாதம் சிவந்திருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே நாணய அளவில் ஒரு கொப்புளம். குடிக்க வைத்திருந்த தண்ணீரை முழுவதும் அதன்மேல் ஊற்றினார்.

"எனக்குச் சுட்டதுக்கு அப்புறம்தான் உன் ஞாபகமே வந்துச்சு" என்றார்.

நான் அப்போதே சொல்லிவிட்டேன், பை இல்லாததை வெளியே வரும் வாசலிலேயே பார்த்தேன் என்று. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் நிமிராமல் மறு காலின் சாக்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

எங்கள் குழுவில் வந்திருந்த டாக்டரம்மா கூடாரத்தில் வைத்துக் காலைப் பார்த்தார். கொப்புளத்தை உடைக்கக் கூடாது, தரையில் கால் வைக்கக் கூடாது, காய்ச்சல் வருகிறதா, ஓரம் கறுக்கிறதா என்று மூன்று நாள் பார்க்க வேண்டும் என்றார். மற்றதை அப்புறம் சொல்கிறேன் என்றார். மற்றது என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மீதிக் கல்லெறிதலை எனக்காக இவரே செய்யலாம் என்று ஹஜ்ரத் அனுமதித்தார். போய் எறிந்துவிட்டு வந்தார். எத்தனை கல் எங்கே விழுந்தது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாவது சுற்றுக்கு என்ன சட்டம் என்று ஹஜ்ரத்திடம் கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. நோட்டைத் திறக்கவே இல்லை. எனக்குக் கொப்புளத்தை விட அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் கொப்புளம் தானாகவே உடைந்தது. கட்டுப் பிரிக்கும்போது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினார். மூன்று வருடமாக ஒரு நாளும் தவறாமல் பார்த்தவருக்கு அன்று பார்க்கத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் எனக்கு உடம்பு சுட்டது. மருந்தை மாற்றினார்கள். இவர் கூடார வாசலில் நின்றார், உள்ளே வந்தார், நெற்றியைத் தொட்டார், மறுபடி வாசலுக்குப் போனார். அவர் குதிகாலைத் தரையில் அழுத்தி விரல் பக்கத்தைத் தூக்கித் தூக்கி நடப்பதை அன்றுதான் கவனித்தேன். அவருக்கும் இரண்டு பாதத்திலும் கொப்புளம். மூன்று நாளாக யாரிடமும் மூச்சுவிடவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன எனக்கு. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு இந்த ஆளையும் படுக்கப் போடுங்கள் என்றேன்.

மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியது. ஓரம் கறுக்கவில்லை. பத்து நாளில் புண் சுருங்கிக் காய ஆரம்பித்தது, ஆனால் நடக்க அனுமதி இல்லை. ஊர் திரும்பும் நாள் வந்தது. விடைபெறும் தவாஃப் பாக்கி இருந்தது. நடக்க முடியாதவர்கள் சக்கர நாற்காலியில் சுற்றலாம், அதில் ஒரு குறையும் இல்லை என்றார் ஹஜ்ரத்.

தள்ளுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். இவர் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. மேல்தளத்தில் சுற்றினோம். நான் இந்த முறை ஏமாறத் தயாராக இல்லை. இடது சட்டைக் கையில் ஏழு ஊக்குகளைக் குத்தி வைத்திருந்தேன். ஒரு சுற்று முடிந்தால் ஓர் ஊக்கு வலது கைக்கு மாறும். நிச்சயமா என்று கேட்கட்டும், கையை நீட்டிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு முறை பச்சை விளக்கைத் தாண்டியதும், கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் நாற்காலியைச் சுவர் ஓரமாக ஒதுக்கினார். முன்னால் வந்து மண்டியிட்டார். கட்டைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், மறுபடி தள்ளினார். அவர் உதட்டில் எண்ணிக்கை இல்லை, துஆ மட்டும்தான் கேட்டது. எனக்குத்தான் கவலை. இந்த மனிதர் எண்ணவே இல்லை, முடிந்ததும் ஆறா ஏழா என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று.

கடைசி ஊக்கையும் மாற்றினேன். அவர் நாற்காலியை ஓரமாக நிறுத்தி, காலைப் பார்த்துவிட்டு எழுந்தார். கேட்கவில்லை. என்னால்தான் இருக்க முடியவில்லை.

"எத்தனை ஆச்சு?"

"ஏழு" என்றார்.

"நிச்சயமா?" முப்பது வருடப் பழி, விடுவேனா?

அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். "முதல் தடவை பார்த்தப்ப கட்டு காஞ்சிருந்துச்சு. ரெண்டாவது தடவை சாக்ஸ் இறங்கியிருந்துச்சு, ஏத்திவிட்டேன். மூணாவது, ஒருத்தர் பை உன் முட்டியில இடிச்சிருந்துச்சு. நாலாவது, ஒண்ணும் இல்லை. அஞ்சாவது, கட்டைவிரல் குளிர்ந்திருந்துச்சு, தேய்ச்சுவிட்டேன். ஆறாவது, ஒண்ணும் இல்லை. இப்ப ஏழாவது. ஒண்ணும் இல்லை."

ஏழு ஊக்குகளும் என் வலது கையில் வரிசையாக இருந்தன. நான் அவரிடம் காட்டவில்லை.